இரவு வகுப்பிற் பிறந்த தொழில்

1912ஆம் ஆண்டிலே, நியூயோர்க் மாநகரின் 125ஆம் வீதியிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் வேலை தேடிச் சென்றார். அவர் கேட்ட வேலை, இரவு வகுப்பில் மேடைப் பேச்சுக் கற்பிக்கும் ஆசிரிய வேலை. கேட்ட ஊதியம், இரவொன்றுக்கு இரண்டு டொலர். அத்துணைச் சிறு தொகையையும் கொடுக்கச் சங்கத்தார் இசைந்திலர். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் பேச்சுப் பழகுவதற்குப் பணங்கட்டி வருவார்களோ என்பது அவர்கள் ஐயம். ஈற்றில், சேருகின்ற கட்டணத்தில் ஒரு பங்கை ஆசிரியருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மாணாக்கர் வந்தால் ஊதியம், வாராவிடின் வெறுங்கை. அந்த ஒப்பந்தத்தின்மேல் வகுப்பைத் தொடங்கிய இளைஞரின் பெயர் டேல் கார்னகி.

இன்று நம் நாட்டிலும் பட்டினந்தோறும் பயிற்சி நிலையங்கள் பல திறக்கப்பட்டுள்ளன. பேசும் முறை, பிறரோடு இணங்கி வேலை செய்யும் முறை, நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுக்கும் முறை என்பனவற்றை 'மென்திறன்கள்' எனப் பெயரிட்டுக் கட்டணத்துக்குக் கற்பிக்கின்றனர். இத் தொழிலின் வேர் எங்கே என்று தேடிச் செல்வோர் பலரும் அந்த 125ஆம் வீதி வகுப்பறையைக் கடந்தே செல்லல் வேண்டும். ஆசிரியத் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் இவ் வரலாறு என்னைச் சிறிது உறுத்துவதுமுண்டு. அதன் காரணத்தைப் போகப் போகச் சொல்லுவேன்.

பேச்சைக் கூலிக்குக் கற்பித்தல் புதியதன்று. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் அதென்சு நகரத்திலே புரொத்தாகொரசு, கோர்கியசு முதலியோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வன்மையைப் பொருள் பெற்றுக்கொண்டு போதித்தனர். பிளேட்டோ தம் உரையாடல்களில் அவர்களைச் சும்மா விட்டாரல்லர். பொய்யை மெய்யெனக் காட்டும் வித்தையைச் சரக்காக்கி விற்பவர் என்னும் பழி அவர்கள்மீது அன்று சுமத்தப்பட்டது. அப் பழி இத் தொழிலை இன்றுவரை விடாது தொடர்கின்றது. நம்மிடத்திலும் இக் கல்விக்கு மதிப்பில்லாமலில்லை. சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஆயின் அவ்வதிகாரங்கள் பொருட்பாலில், அமைச்சரை நோக்கியே அமைந்தன. கார்னகி செய்த புதுமை, அவ் வித்தையை அமைச்சரிடமிருந்து இலிகிதரிடமும் விற்பனையாளரிடமும் கொண்டு வந்ததே.

அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி மிசூரி மாநிலத்து மேரிவில் ஊரின் புறத்தே ஒரு கமக்காரர் மகனாய்ப் பிறந்தார். உழைப்புக்குக் குறைவில்லை, பலனுக்குத்தான் குறைவு. அயலிலோடிய ஆறு அடிக்கடி பெருகிப் பயிரை அழித்தது. பன்றிகளைக் கொள்ளைநோய் வாரிச் சென்றது. 1904ஆம் ஆண்டளவில் குடும்பம் வாரன்ஸ்பேர்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அரசினர் ஆசிரிய கலாசாலை ஒன்று இருந்தமையே காரணம். நாளொன்றுக்கு ஒரு டொலர் விடுதிச் செலவு. அந்த ஒரு டொலர் வீட்டில் இல்லை. ஆகவே மகன் நாடோறும் குதிரையேறிப் போய்வந்தான். விடியுமுன் எழுந்து பன்றிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, குறுகிப்போன சட்டையும் காற்சட்டையுமாய்க் கலாசாலைக்குச் செல்லும் பிள்ளையின் மனநிலையை, அத்தகைய பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஆசிரியர் எவரும் எளிதில் அறிவர்.

அக் கலாசாலையில் மதிப்புப் பெற்றவர்கள் இரு வகையினர் என அவர் கண்டார்: விளையாட்டு வீரர் ஒரு வகை, பேச்சுப் போட்டியில் வென்றோர் மறு வகை. விளையாட்டு அவருக்குக் கைகூடவில்லை. ஆதலின் குதிரைமேல் போகும்போதும் பசுவிற் பால் கறக்கும்போதும் பேச்சைப் பயின்றார். போட்டிக்குப் போட்டி தோற்றார். பலமுறை தோற்றபின் வெல்லத் தொடங்கினார். வென்றபின் ஏனையோர் தமக்கும் கற்பிக்குமாறு அவரை நாடி வந்தனர். இவ்வளவும் நடந்தும் 1908ஆம் ஆண்டில் பட்டமின்றியே கலாசாலையை விட்டு நீங்கினார்.

பின் வந்த நான்கு ஆண்டுகளும் அலைச்சலே. நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்றிசையிலே, தபால்மூலம் கற்பிக்கும் பாடங்களைக் கால்நடைப் பண்ணையாளருக்கு விற்றுப் பார்த்தார். அது பயன்படாமற் போகவே ஆர்மர் கம்பனியில் சேர்ந்து, பன்றியிறைச்சியும் சவர்க்காரமும் கொழுப்பும் விற்றார். தென் ஒமாகாவிலிருந்து புறப்பட்ட 29 விற்பனைப் பாதைகளுள் 25ஆம் இடத்திற் கிடந்த தம் பாதையை முதலிடத்துக்கு உயர்த்தினார். கம்பனி பதவியுயர்வு கொடுத்தது. அவரோ அதை வேண்டாமென விட்டு, நடிகராகும் ஆசையில் நியூயோர்க் சென்றார். நாடகக் கல்விச்சாலையிற் பயின்று, ஊரூராய்ச் சென்ற நாடகக் குழுவொன்றில் வைத்தியர் வேடம் பூண்டார். நடிப்புத் தமக்கு ஏற்றதன்று என்பதை விரைவிலேயே உணர்ந்து, பக்கார்ட் கம்பனியின் லொறிகளை விற்கப் போனார். பொறிபற்றி அவருக்கு ஒன்றுந் தெரியாது; தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அக் காலத்தில் அவர் வாழ்ந்த மலிவான அறையில், சுவரிலே தொங்கிய கழுத்துப்பட்டியை எடுக்கக் கை நீட்டினால் கரப்பான் பூச்சிகள் சிதறியோடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இந்த நிலையிலேதான் தாம் கற்றவற்றுள் தமக்கு மெய்யாக உதவியது எது என்று எண்ணிப் பார்த்தார். கலாசாலையிற் படித்த ஏனைய பாடங்கள் அனைத்தையும் ஒரு தட்டிலும் பேச்சுப் பயிற்சியை மறு தட்டிலும் வைத்தால், பின்னையதே கனத்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திடமும் நியூயோர்க் பல்கலைக்கழகத்திடமும் இரவு வகுப்பில் கற்பிக்க இடங் கேட்டார். இரண்டும் மறுத்தன. அதன் பின்னரே நான் முதலிற் கூறிய வாலிபர் சங்கத்துக்குப் போனார்.

முதல் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். ஆசிரியர் தாம் ஆயத்தஞ் செய்துகொண்டு வந்த பாடத்தைச் சொல்லித் தீர்த்துவிட்டார். நேரமோ மிஞ்சிக் கிடந்தது. வேறு வழி தோன்றாமல், மாணாக்கரை எழுப்பி, தமக்குக் கோபமூட்டிய ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தார். அச்சத்தால் நா எழாதிருந்தவர்கள் கோபம் வந்ததும் அச்சத்தை மறந்து பேசினர். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவராயிருந்தால் மிஞ்சிய நேரத்துக்கு வேண்டிய குறிப்புகள் அவரிடம் இருந்திருக்கும். தாமே பேசி நேரத்தைப் போக்கியிருப்பார். சரக்குத் தீர்ந்தமையாலேயே கார்னகிக்கு வழி பிறந்தது.

அன்று தொட்டு அவர் வகுப்பின் விதி ஒன்றே: ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரும் எழுந்து பேசல் வேண்டும், தாம் வாழ்ந்து அறிந்ததையே பேசல் வேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். நன்றாகப் பேசியவருக்கு வகுப்பாரே வாக்களித்து ஒரு பென்சிலைப் பரிசளிப்பர். குறை சொல்லுதல் அரிது. திருந்திய இடத்தைச் சுட்டிப் பாராட்டுதலே வழக்கம்.

இவ்விடத்தில் என்னை உறுத்தும் காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலையில் உயர்தரப் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியெய்திய மாணவனொருவன் உத்தியோகமொன்றுக்கான நேர்முகப் பரீட்சைக்குச் சென்று திரும்பினான். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை தெரியும் என்றான். "பிறகென்ன?" என்றேன். "சொல்ல வாய் வரவில்லை, சேர்" என்றான். அவனைக் கடிந்துகொள்ள நினைத்தேன். பின்னர்க் கணக்கொன்று மனத்தில் ஓடியது. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பில் நாற்பது மாணவர். ஆளுக்குச் சரியாக ஒரு நிமிடமே கிடைக்கும். அந் நாற்பது நிமிடத்தையும் நாங்களே பேசி முடிக்கின்றோம். பதின்மூன்று ஆண்டுகள் எங்களிடம் இருந்த பிள்ளை, எழுந்து நின்று தன் சொந்த எண்ணத்தை இரண்டு நிமிடம் சொல்லும்படி எத்தனை முறை கேட்கப்பட்டான்? அப் பிள்ளையின் தகப்பனார் அடுத்த மாதமே பயிற்சி நிலையமொன்றுக்குக் கட்டணம் செலுத்தினார். அக் கட்டணம் எங்கள் பாடசாலை செய்யத் தவறிய கடமையின் விலை என்றே நான் கருதுகின்றேன்.

கார்னகியிடம் வந்தவர்களும் ஏறக்குறைய அம் மாணவனின் நிலையினரே. வயதில் மட்டும் மூத்தவர். அக் காலத்து அமெரிக்காவின் பெருங் கம்பனிகள் காரியாலயங்களால் நிரம்பிக்கொண்டிருந்தன. கையால் உழைத்தவனுக்குத் தொழில் தெரிந்தாற் போதும். மேசைக்குப் பின்னால் இருப்பவனோ மேலதிகாரியிடம் விளக்கம் சொல்லவும், வாடிக்கையாளரை இணங்குவிக்கவும், கீழுள்ளோரை ஏவவும் வேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டில் பிரெடெரிக் டெய்லர் தொழிலாளியின் கையசைவை நிமிடக் கணக்கில் அளந்து ஒழுங்குபடுத்தும் முறைபற்றி நூலெழுதிப் புகழ் பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே கார்னகி தம் வகுப்பைத் தொடங்கினார். ஒருவர் கையைக் கவனித்தார். மற்றவர் நாவைக் கவனித்தார்.

கட்டணத்திற் பங்கு என்ற ஒப்பந்தம் ஆசிரியரையும் மாற்றியது. பட்டம் வழங்கும் நிறுவனமாயின், பாடம் பயனற்றதாயினும் மாணாக்கர் பட்டத்துக்காக இருப்பர். இவரிடம் வந்தோருக்குப் பட்டமில்லை, பரீட்சையில்லை. தவணை முறையிற் பணங்கட்டினர். பயனில்லையெனின் அடுத்த கிழமை வரமாட்டார்கள். ஆகவே இலக்கணமும் உச்சரிப்பு விதியும் கைவிடப்பட்டன; நாளையே கடையிலும் காரியாலயத்திலும் பயன்படக்கூடியவை மட்டும் நின்றன. நியாயமாகப் பார்த்தால் இது கல்வியின் குறைவும் ஆகும். நாளைக்குப் பயன்படாது, இருபது ஆண்டு கழித்துப் பயன்படுவனவும் உள. அவற்றுக்குத் தவணை முறையிற் பணங்கட்ட எவரும் வாரார்.

வருமானம் விரைவில் உயர்ந்தது. இரண்டு டொலர் மறுக்கப்பட்டவர் சில ஆண்டுகளில் இரவொன்றுக்கு முப்பது டொலர் பெற்றார். தம் குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றி, உருக்குச் செல்வர் அண்ட்ரூ கார்னகியின் பெயரோடு ஒத்துவரச் செய்தார், உறவு ஒன்றுமில்லை. இடையிலே போர்ச் சேவை, லோவெல் தோமஸ் என்னும் புகழ்பெற்ற பேச்சாளரின் காட்சிகளை நடத்தும் பணி, எவரும் வெளியிட மறுத்த ஒரு நாவல் என்று சில ஆண்டுகள் கழிந்தன. 1926ஆம் ஆண்டில் வணிகருக்கான பேச்சுப் பாடநூலொன்றை வெளியிட்டார். வெஸ்டிங்கவுஸ், நியூயோர்க் தொலைபேசிக் கம்பனி முதலிய நிறுவனங்கள் அவரைத் தம் காரியாலயத்துக்கே வரவழைத்து வகுப்பு நடத்தின. தனியொருவர் கட்டிய கட்டணத்தோடு முதலாளி கட்டும் கட்டணமும் சேர்ந்தபோதுதான் இது நிலையான தொழிலாயிற்று.

அதற்குள் பாடமும் மாறியிருந்தது. பேசப் பழகியவர்கள் அதற்கு மேலும் ஒன்றைக் கேட்டனர்: மனிதரோடு பழகுவது எப்படி? அதற்கு ஏற்ற நூலொன்றும் கிடைக்காமையால், சிறு அட்டையொன்றில் சில விதிகளை அச்சிட்டுக் கொடுத்தார். மாணாக்கர் அவற்றை வீட்டிலும் வேலையிலும் பரீட்சித்து, வந்து வகுப்பிற் கூறினர். அவர்கள் கூறியவை அடுத்த முறை பாடமாயின. அட்டை பெருத்துக் கைநூலாயிற்று.

1935ஆம் ஆண்டு சனவரி மாதக் குளிரிரவொன்றில் நியூயோர்க்கின் பென்சில்வேனியா ஹோட்டல் மண்டபத்தில் 2,500 பேர் கூடினர். நகரத்தவருள் ஐந்திலொரு பங்கினர் நிவாரணத்தில் வாழ்ந்த பொருளாதார மந்தக் காலம் அது. வேலையுள்ளவன் அதை இழக்க அஞ்சினான். இழந்தவன் திரும்பப் பெற ஏங்கினான். பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு அத்தனை பேர் வந்தது இவ்வச்சத்தினாலேயே என்பது என் எண்ணம். இத் தொழில் மனிதனின் நம்பிக்கையை மட்டுமன்றி அவன் பயத்தையும் தின்று வளர்வது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தைச் சேர்ந்த லியோன் ஷிம்கின் 1934ஆம் ஆண்டில் லார்ச்மண்டில் நடந்த வகுப்பொன்றில் மாணாக்கராக இருந்தார். கேட்டவற்றை நூலாக்கலாம் என அவர் வற்புறுத்தினார். அதன் பயனாய் 1936ஆம் ஆண்டில் வெளிவந்த, நண்பர்களைப் பெறுவதும் பிறர் மனத்தை வயப்படுத்துவதும் எவ்வாறு என்னும் நூலை அறியாதார் சிலரே. முதல் அச்சு ஐயாயிரம் பிரதிகளுக்கு மேற்படவில்லை. ஓராண்டுக்குள் பதினேழு பதிப்புகள் வந்தன. ஏறக்குறைய கால் நூற்றாண்டு வகுப்பறை உழைப்பு, நூலாகியபின் வகுப்பறைக்கே விளம்பரமாயிற்று.

கண்டித்தோரும் உளர். நாவலாசிரியர் சிங்கிளேர் லூயிஸ் அதை எள்ளி எழுதினார். 1937ஆம் ஆண்டிலேயே, நண்பரை இழப்பது எப்படி என்னும் நையாண்டி நூலொன்று வெளிவந்தது. சிரிப்பும் பாராட்டும் இலாபத்துக்கான கருவிகளாயின் அவை சிரிப்பும் பாராட்டும் ஆகுமா என்பதே கேள்வி. கார்னகி தம் நூலில், பாராட்டு உள்ளத்திலிருந்து வரல் வேண்டும், முகத்துதி வேறு, பாராட்டு வேறு என்று பலமுறை வற்புறுத்துகின்றார். அவர் மனமார எழுதினார் என்றே நான் நம்புகின்றேன். ஆயினும் உண்மை அன்பை விதியாக எழுதி விலைக்குக் கொடுத்தால், வாங்குவோன் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

அந்நூலில் வரும் கணக்கொன்று என் போன்றோர் கவனிக்கத்தக்கது. பொறியியற்றுறையிலும் ஒருவன் ஈட்டும் பொருளில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே தொழிலறிவால் வருவது, எண்பத்தைந்து பங்கு மனிதரோடு பழகும் திறத்தால் வருவது என்கிறார். இன்றுங்கூடப் பயிற்சி நிலையங்களின் துண்டுப்பிரசுரங்களில் இவ்விலக்கங்களைக் காணலாம். இதற்கு மூலம், சார்ள்ஸ் மான் என்பார் 1918ஆம் ஆண்டில் கார்னகிக் கல்வி நிதியத்துக்காக எழுதிய பொறியியற் கல்வி அறிக்கை. அந்த நிதியம் உருக்குச் செல்வரின் கொடை. பொறியியலாளர் பலரிடம், சிறந்த பொறியியலாளனுக்கு வேண்டிய தகைமைகள் எவை என மான் கேட்டார். அவர்கள் கொடுத்த மதிப்பில் ஒழுக்கம் 24, தீர்ப்பறிவு 19.5, செயற்றிறன் 16.5, மனிதரை அறிதல் 15, தொழிலறிவு 15, தொழில்நுட்பம் 10. மனிதரை அறிவதற்குக் கிடைத்தது பதினைந்தே, எண்பத்தைந்தன்று. தொழில்நுட்பத்தையும் ஒழுக்கத்தையும் கூட மறுபக்கத்திற் சேர்த்தாலன்றி அவ்வெண் வாராது. மேலும், அது வருமானத்தின் கணக்கன்று, அபிப்பிராயத்தின் கணக்கு. விற்பனையாளராய் வாழ்வைத் தொடங்கியவர் எண்களைச் சிறிது வளைத்துவிட்டார் போலும்.

'மென்திறன்' என்னும் பெயரோ அவருடையதன்று. அது அவர் மறைந்தபின், 1960களின் பிற்பகுதியில், அமெரிக்கத் தரைப்படையிற் பிறந்த சொல். படைவீரர் பயிற்சியை வகுத்தோர், பொறிகளைக் கையாளும் திறன்களை வன்மையானவை என்றும், ஆட்களையும் கடதாசிகளையும் கையாளும் திறன்களை மென்மையானவை என்றும் பிரித்தனர். 1972ஆம் ஆண்டு டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கென மாநாடொன்றும் கூட்டினர். வியப்பு யாதெனில், அங்கு இதனை ஆராய்ந்தோரே இப் பெயர் தெளிவற்றது, விட்டுவிடலாம் என்னும் கருத்தினராய் இருந்தனர். படை விடச் சொன்ன சொல்லை வணிகம் பற்றிக்கொண்டது.

1944ஆம் ஆண்டில் கார்னகி டொரதி என்னும் அம்மையாரை மணஞ்செய்தார். தொழில் பரந்துவிட்டமையால் தாமே எல்லா வகுப்புக்கும் செல்லுதல் இயலாததாயிற்று. எனவே ஊர்தோறும் உரிமம் பெற்றவர்கள் வகுப்பு நடத்தினர்; அவர்களுக்குப் பாட ஒழுங்கும் ஆசிரியப் பயிற்சியும் தலைமையகத்திலிருந்து சென்றன. பயிற்சி முடித்த பழைய மாணாக்கர் ஊதியமின்றி உதவியாளராய் வந்து நின்றனர். கற்பிப்பதால் தாமும் கற்றனர், செலவும் குறைந்தது. ஓராசிரியரின் வகுப்பறைத் திறமையை, அவர் இல்லாத வகுப்பறையிலும் நிலைக்கச் செய்த ஒழுங்கு இது. 1955ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி அவர் இறந்தபோது, அதுவரை பயிற்சி முடித்தோர் தொகை நாலரை இலட்சம் எனக் கூறப்பட்டது. பின்னர் டொரதி அம்மையார் பொறுப்பேற்று நடத்தினார். ஆசிரியர் மறைந்தும் வகுப்பு நிற்கவில்லை.

அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னே, அவர் ஒரு காலத்தில் இறைச்சி விற்கும் வேலை பெற்ற ஒமாகா நகரத்திலே, இருபது வயது கடந்த இளைஞரொருவர் நூறு டொலர் கட்டி அப் பயிற்சியிற் சேர்ந்தார். கூட்டத்தில் எழுந்து தம் பெயரைச் சொல்லவும் அஞ்சியவர் அவர். ஒரு கிழமை நன்றாகப் பேசிப் பென்சிலைப் பரிசாகப் பெற்றார். தாம் விரும்பிய பெண்ணிடம் மணம் பேசத் துணிந்ததும் அக் கிழமையிலேதான் என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தார். பங்கு முதலீட்டில் உலகப் பெருஞ் செல்வருள் ஒருவராகிய வாரன் பபெட் அவர். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்திலும், ஒரு காலத்தில் கார்னகிக்கு இடங்கொடாத கொலம்பியாவிலும் பெற்ற பட்டங்களை அவர் தம் காரியாலயச் சுவரில் மாட்டி வைக்கவில்லை. காண வந்தவர்களுக்கு அவர் சுட்டிக் காட்டியது, அந்த நூறு டொலர் வகுப்பின் சான்றிதழை.